தேங்காய் எண்ணெய் போட்ட டயர்

நான் பல்கலைக்கழகத்தில் இயந்திரவியல் பேராசிரியர். உராய்வுதான் என் பாடம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல வாய் வராது. பெரிய நகரத்துக்கு ஆற்றின் மறுகரையில் இருக்கிற, பனி கொட்டும் புரோசார்டில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர். துறைமுகப் பக்கம் லாரிகளுக்கு டயர் மாற்றுவது அவர் வேலை.

வாசலில் பனி தள்ளுவதற்காகப் பழைய ஏடிவி ஒன்று வாங்கினேன், காடு மேடெல்லாம் ஓடுகிற நாலு சக்கர வண்டி. முன் டயர்கள் வெடித்துப் போயிருந்தன. புது டயர்களை நானே ரிம்மில் ஏற்றுகிறேன் என்று மனைவியிடம் வீரம் பேசினேன். தடித்த, குட்டையான டயர்கள். ஒரு பக்கம் உள்ளே போனால் மறுபக்கம் வெளியே வந்துவிடும். கராஜில் இரண்டு சனிக்கிழமை மல்லுக்கட்டியதில் கை தோல் உரிந்ததுதான் மிச்சம்.

வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்த அவர், வந்து ஏற்றித் தரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

"அப்ப விளிம்புக்குச் சோப்புத் தண்ணி போடுங்கோ அண்ணை. எண்ணெய் மட்டும் போட்டிடாதேங்கோ, பேந்து ரிம்மில வழுக்கும்."

எனக்குச் சுருக்கென்றது. டயர் மாற்றுகிறவர் எனக்கே உராய்வைப் பற்றிச் சொல்ல வந்துவிட்டாரா? அப்படித்தான் நினைத்தேன், மறைப்பானேன்.

சமையலறைக்குப் போனவன் சோப்பை எடுக்கவில்லை, தேங்காய் எண்ணெயை எடுத்தேன். பலாப்பழம் அரிவதற்கும், விரலில் சிக்கிய மோதிரத்துக்கும், கிறீச்சிடுகிற கதவுக்கும் எங்கள் வீட்டில் அதுதான் கைகண்ட மருந்து. டயர் வழுக்கிக்கொண்டு ஏறியது. காற்றடித்ததும் விளிம்பு டப்பென்று உட்கார்ந்தது. அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். நல்லா ஏத்தியிருக்கிறியள் என்று மனதாரச் சொன்னார்.

முதல் பனி விழுந்த அன்று எனக்கு முதுகு பிடித்துக்கொண்டது. அவரே வந்து சாவி வாங்கிக்கொண்டு எங்கள் வாசல் பனியைத் தள்ளினார். வண்டியைத் திருப்பும்போது முன் டயர் ரிம்மைவிட்டுக் கழன்றது. வண்டி சாய்ந்து, அவர் கீழே விழுந்து, மணிக்கட்டு முறிந்தது.

பிடித்த முதுகோடு ஆஸ்பத்திரிக்கு நான்தான் காரில் கூட்டிப்போனேன். ஆற்றுப் பாலத்தைக் கடக்கும்வரை, எண்ணெய் போட்டதைச் சொல்லிவிடலாம் சொல்லிவிடலாம் என்று தொண்டைவரை வந்தது. அவர் முந்திக்கொண்டார்.

"குறை நினையாதேங்கோ அண்ணை. நான்தான் கொஞ்சம் கெதியாத் திருப்பிப்போட்டன்."

பரவாயில்லை என்றேன். அவரை மன்னித்தேன், நான்!

பத்து நாள் கழித்து வகுப்பு முடிந்து வந்தபோது கராஜ் திறந்திருந்தது. மாவுக்கட்டுக் கையால் டயரை அணைத்துப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் அதை ஏற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் சோப்புத் தண்ணீர் வாளி. ரிம்மைத் துடைத்த துணி தரையில் கிடந்தது. அதில் தேங்காய் எண்ணெய் குளிரில் உறைந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது. அவர் அதைக் காலால் மெல்ல வாளிக்குப் பின்னால் தள்ளினார்.

டீ கொண்டுவந்த என் மனைவி, புது டயர் எப்படிங்க கழண்டுச்சு என்று அவரைக் கேட்டாள்.

"குளிருக்கு இப்பிடி நடக்கும் அக்கா," என்றார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அப்போதாவது வாயைத் திறந்தேனா என்றால், திறந்தேன். ரப்பர் குளிரில் ஏன் சுருங்குகிறது என்று என் மனைவிக்கு விளக்கினேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.