காதை மூடாத ஹெட்போன்

கெசட்டில் பாட்டுப் பதிந்து கொடுக்கிற கடையில் வேலை என்றால், பாட்டும் கேட்க வைத்துச் சம்பளமும் கொடுக்கிறார்கள் என்று ஊர் பொறாமைப்படும். ஒரே பாட்டை ஒரே நாளில் பத்துப் பேருக்குப் பதிந்து கொடுத்தவர்களுக்குத்தான் அந்தச் சுகம் புரியும். நீங்களும் அப்படி ஒரு கடையில் நின்றவர் என்றால் நமக்குள் வேறு அறிமுகம் தேவையில்லை.

எழுபதுகளின் கடைசியில், இலங்கை மலைநாட்டில் அட்டன் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கடையில் சேர்ந்தேன். முதலாளி, ரேடியோ திருத்துகிற டேவிட் அண்ணன், நான், மூன்றே பேர். நான்காவது ஆள் என்று சொன்னால் அது என் ஹெட்போன்.

காதுவலி

தேயிலைத் தோட்டங்களை அரசாங்கம் எடுத்த பிறகு சீமைக்குத் திரும்பிய ஒரு துரை பங்களாவில் விட்டுப்போன சாமான்களோடு, முதலாளி அந்த ஹெட்போனையும் வாங்கி வைத்திருந்தார். தலைக்கு மேலே மெல்லிய இரும்புப் பட்டை, காதுக்கு இரண்டு மஞ்சள் ஸ்பொஞ்ச் வட்டம், அவ்வளவுதான். காதை அடைக்காது. பாட்டும் கேட்கும், வெளியே கண்டக்டர் "மஸ்கெலியா, மஸ்கெலியா" என்று கத்துவதும் கேட்கும். போட்ட முதல் நாளே எனக்குப் பிடித்துவிட்டது.

உடப்புசல்லாவையிலிருந்து சாமான் வாங்க வந்த ஒரு பெரியவர், வாசலில் நின்று என்னையே வெகுநேரம் பார்த்தார். பக்திப் பாட்டு வேண்டும் என்று வந்தவர், பாட்டை மறந்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "ரெண்டு காதுலயும் ஒரே நேரத்துல வலி வந்திருச்சா தாயி?"

பெண் பார்த்தவர்கள்

தீபாவளிக்கு முந்தின வாரம். கடையில் நிற்க இடமில்லை. நான் ஹெட்போனோடு குனிந்து பதிந்துகொண்டிருந்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் நோட்டன் பிரிட்ஜிலிருந்து வந்த ஓர் அம்மா, கூட வந்த தங்கையிடம் என்னைப் பற்றி ஆரம்பித்தார். நிறம் கொஞ்சம் குறைவு, ஆனால் கை சுறுசுறுப்பு. நம்ம பையனுக்குக் கேட்டுப் பார்க்கலாமா? வேதக்காரப் பிள்ளை போலிருக்கிறதே, கழுத்தில் சிலுவை தொங்குதே. எனக்குக் கேட்காது என்ற தைரியத்தில் இதெல்லாம் என் மூக்குக்கு நேரே.

கெசட்டை எடுத்துக் கொடுக்கும்போது, நிறம் குறைவுதான், ஆனால் காது நன்றாகக் கேட்கும் என்று சொன்னேன். தங்கைக்காரி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அந்த அம்மா அசையவே இல்லை. "எல்லாம் கேட்டுருச்சுல்ல, அப்ப சமைக்கத் தெரியுமான்னு நீயே சொல்லிரு" என்றார்.

சிவப்புக் கம்பளி

நம் மலைநாட்டு ஈரத்துக்கு ஸ்பொஞ்ச் எத்தனை வருடம் தாங்கும்? உதிர்ந்து உதிர்ந்து என் தோளில் மஞ்சள் தூளாகக் கொட்டியது. தூக்கிப் போடச் சொன்னார்கள். நான் பழைய ஸ்வெட்டர் ஒன்றைப் பிரித்து, சிவப்பு நூலில் இரண்டு உறை பின்னி மாட்டினேன். சத்தம் முன்னைவிட இதமாகிவிட்டது. டேவிட் அண்ணன் வாங்கிப் போட்டுப் பார்த்தார், திருப்பித் தர மனமில்லாமல் தந்தார். "நமக்கு ஸ்வெட்டர் இல்ல, இதுக்குப் போட்டுவிட்டிருக்க" என்றார்.

கறுப்பு ஹெட்போன்

எண்பதுகளின் தொடக்கத்தில் முதலாளியின் மைத்துனர் துபாயிலிருந்து ஒரு கறுப்பு ஹெட்போன் கொண்டுவந்தார். இரண்டு காதிலும் இரண்டு சிரட்டை கவிழ்த்த மாதிரி. மாட்டினால் உலகமே செத்துப்போகும். இனிமேல் இதுதான், பழசை வீசிவிடு என்று முதலாளி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அன்று காலை மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து செல்லம்மாக்கா வந்தார், கொழுந்து பறிக்கிறவர். அவருடைய சொந்த அக்கா குடும்பம் இந்தியாவுக்குப் போய்விட்டது. இவர் தூக்கி வளர்த்த அக்கா மகளுக்கு அங்கே கல்யாணம். இவரால் போக முடியாது. வாழ்த்தைக் குரலில் பதிந்து அனுப்ப வேண்டும். அதே தோட்டத்திலிருந்து இந்தியாவுக்குக் கப்பலேறப் போகும் ஒரு குடும்பம் அன்று சாயங்காலம் தலைமன்னாருக்குப் புறப்படுகிறது. அதை விட்டால் வேறு வழியில்லை.

மைக்கை வைத்தேன், கறுப்பு ஹெட்போனை மாட்டினேன். அக்கா வாயைத் திறக்கவில்லை. தலையாட்டிப் பார்த்தேன், கையைக் காட்டிப் பார்த்தேன். இரண்டு தரம் டேப்பை நிறுத்தித் திரும்ப ஓடவிட்டேன். முதலாளி மணியைப் பார்த்தார். கடைசியில் அக்கா அழுகிற குரலில் சொன்னார்: "நீங்க காத மூடிக்கிட்டு உக்காந்திருக்கீங்க. நான் யாருகிட்ட பேசுறது?"

முதலாளியைக் கேட்காமலே கறுப்பைக் கழற்றி வைத்துவிட்டு என் பழசை மாட்டினேன். மைக் கீச்சிடாமலிருக்கச் சத்தத்தைக் குறைத்தேன். என் காது திறந்திருப்பது தெரிந்ததும் அக்கா என்னைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். பிள்ளை பால் குடிக்க அடம்பிடித்தது, காலையில் ஆள்கணக்கு எடுக்கிற பிரட்டுக்களத்தில் விழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டது, மாமியாரிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது எல்லாம். கெசட்டின் ஒரு பக்கம் முடிகிற வரைக்கும் நிறுத்தவில்லை. பாட்டு வாங்க வந்தவர்களைக்கூட முதலாளி சத்தம் போடாமல் வெளியே நிறுத்தினார். பிறகு கறுப்பு ஹெட்போனைப் பெட்டியில் போட்டு மூடினார். "இத நான் வீட்டுக்குக் கொண்டு போறேன், அங்கதான் எனக்குக் காத மூட வேண்டியிருக்கு" என்றார்.

பதில்

மாதங்கள் கழித்துச் செல்லம்மாக்கா ஒரு கெசட்டோடு ஓடி வந்தார். அங்கிருந்து பதில் வந்திருந்தது. பெரிய ஸ்பீக்கரில் போடட்டுமா என்றால் வேண்டாம், உங்கள் தலையில் இருப்பதைத் தாருங்கள் என்றார். மாட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். அந்தப் பிள்ளை கேட்கிற கேள்விக்கெல்லாம் இவர் இங்கிருந்து சத்தமாகப் பதில் சொன்னார். நடுநடுவே எங்களுக்கும் விஷயம் வந்துகொண்டிருந்தது: மாப்பிள்ளை நல்லவராம், ஊரில் வெயில்தான் தாங்க முடியவில்லையாம்.

திடீரென்று கண் நிறைந்து வழிந்தது. என்னவோ ஏதோவென்று டேவிட் அண்ணன் எழுந்து வந்தார். அக்கா ஹெட்போனைக் கழற்றாமலே நிமிர்ந்து எங்கள் மூன்று பேரையும் பார்த்தார். "தாலி கட்டுறதுக்கு முந்தி நாதஸ்வரத்தையே நிப்பாட்டிட்டு, எங்குரலப் போட்டாங்களாம்" என்றார்.

அதற்குப் பிறகு எத்தனையோ ஹெட்போன்கள் வந்து போய்விட்டன. பாட்டையும் கொடுத்துப் பக்கத்திலிருக்கும் மனிதரையும் விட்டுவைத்தது அந்தப் பழசு ஒன்றுதான் என்பதால், வேறு எதையும் நான் தலையில் ஏற விட்டதில்லை.