சிவப்புப் பொட்டு வைத்த திருகு

என் பட்டறை மேசையின் இரண்டாவது இழுப்பறையில், ஸ்பேனர்களோடு ஸ்பேனராக, கையால் திருப்புகிற ஒரு கறுப்புத் திருகு கிடக்கிறது. எலுமிச்சம்பழ அளவு. அதன் முகத்தில் ஒரு சிவப்புப் பொட்டு, அடியில் இருக்கும் தகட்டில் இன்னொன்று. இரண்டும் நகச்சாயத்தில் வைத்தவை. ஏதாவது தேடிக் கை விடும்போதெல்லாம் அது விரலில் படும். பட்டால் ஒன்றும் தோன்றாது. ஆரம்பத்தில் அப்படி ஒன்றும் தோன்றாததுதான் பயமாக இருந்தது. பிறகு அதுவும் பழகிவிட்டது. அத்தானின் லாரியில் இருந்தபோது அந்தத் திருகு எதனோடும் சேர்ந்திருக்கவில்லை. சேராமல் மாட்டியவன் நான். அது அவருக்குத் தெரியாது என்றுதான் மூன்று வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அத்தான் என்றால் என் அக்கா வீட்டுக்காரர். வீடு வரிச்சிக்குடியில். கீழவாஞ்சூர் துறைமுகத்தில் நிலக்கரி ஏற்றி, மேற்கே சிமெண்ட் ஆலைகளில் கொட்டிவிட்டு வருவார். தேய்த்துக் குளித்துவிட்டு ஞாயிறு பூசைக்கு வந்தாலும் இமையோரத்தில் கரி நிற்கும். மாப்பிள்ளைக்கு மை தீட்டிவிட்டது யார் என்று கோவில் வாசலிலேயே அக்கா கேலி செய்வாள். அவரும் சிரித்துக்கொள்வார். யார் என்ன சொன்னாலும் சிரித்துக்கொள்கிற மனிதர்தான். ஒரு விஷயத்தில் மட்டும் ரோஷம் வரும், அது வண்டி.

எங்கள் பக்கத்தில் மேடு என்றால் பாலம்தான். மற்றபடி எல்லாம் வயல் மட்டம். அந்தப் பாலத்தில் ஏறத்தான் அத்தானின் பழைய லாரி திணறியது. பின்னால் வரும் புது வண்டிகள் ஆரன் அடித்துக்கொண்டே இருக்குமாம். சுமை ஏற்ற வரிசையில் நிற்கும்போது, "உங்க வண்டிய எறங்கித் தள்ளட்டுமா?" என்று சின்னப் பையன்கள் கேட்கிறார்களாம். டர்போவில் ஏதோ செய்து இழுவையைக் கூட்டலாம், கேபினுக்குள்ளேயே ஒரு திருகு வைத்துப் பாலம் வரும்போது திருப்பிக்கொள்ளலாம் என்று யாரோ ஓதிவிட, வந்து என்னிடம் நின்றார்.

யாரோ சொன்னது பொய்யில்லை. என்ஜினிலிருந்து வெளியேறும் புகை டர்போவைச் சுழற்றும். டர்போ என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும். அழுத்தம் அளவு மீறாமலிருக்க, புகை போகிற வழியில் ஒரு சின்னக் கதவு உண்டு. வேஸ்ட்கேட் என்பார்கள், பட்டறையில் எங்களுக்கு வெறும் கேட். காற்றழுத்தம் ஏறினால் ஒரு ரப்பர் குழாய் வழியே அந்தச் சேதி போய், கதவு திறந்து, மிச்சப் புகை வேறு வழியில் போய்விடும். அந்தச் சேதியைப் பாதி வழியில் மறித்தால் கதவு தாமதமாகத் திறக்கும், இழுவை கூடும். அதற்குத்தான் அந்தத் திருகு. அளவோடு மறிக்கத் தெரியாதவர்கள் ஒரேயடியாக மறித்துவிடுவதும் உண்டு. துறைமுக வண்டி ஒன்றில், சைக்கிள் வீலில் போடும் இரும்புக் குண்டு ஒன்றைக் குழாய்க்குள் திணித்து ஓட்டியிருந்தார்கள். இரண்டு மாதம் பறந்தது. பிறகு அந்த என்ஜினைப் பிரித்தவன் நான்தான். பிஸ்டனில் என் கட்டைவிரல் போகிற அளவு ஓட்டை.

அத்தான் கேட்டுவிட்டுப் போன மறுநாளே அக்கா வந்தாள். டீ வாங்கித் தருகிறேன் என்றேன், வேண்டாம் என்றுவிட்டாள். "அவரு கேட்டா இல்லன்னு சொல்ல ஒனக்கு வாய் வராது. ஆனா வேகத்த மட்டும் கூட்டிக் குடுத்துடாத தம்பி" என்றாள். இரண்டு பக்கமும் பகைக்க முடியாது. அதனால் மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் அடி என்று உட்காராமல் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தேன். டர்போவைக் கழற்றிப் பார்த்தால், கரி பிடித்து அந்தக் கதவு முழுசாக மூடாமலேயே நின்றிருந்தது. சுரண்டிச் சுத்தம் செய்து, அதைத் திறக்கிற டப்பாவைப் புதிதாக மாற்றி, கம்பெனி சொன்ன அளவிலேயே வைத்தேன். அதிலேயே வண்டிக்குப் போன உயிர் வந்துவிட்டது. திருகையும் டாஷ்போர்டில் அழகாக மாட்டினேன். அதன் குழாயை மட்டும் எதனோடும் சேர்க்காமல் உள்ளே மடித்துக் கட்டி, மறைத்துவிட்டேன். அக்காவிடம் மட்டும் சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து இருவரும் நேராகப் பட்டறைக்கு வந்தார்கள். எது வரைக்கும் திருப்பலாம் என்று ஓர் அடையாளம் வேண்டும் என்றார் அத்தான். நான் பெரிய டாக்டர் மாதிரி கொஞ்சம் யோசித்து, ஓரிடத்தைத் தொட்டுக் காட்டினேன். அக்கா பையிலிருந்து நகச்சாயத்தை எடுத்து இரண்டு பொட்டு வைத்தாள். "இதத் தாண்டித் திருப்ப மாட்டேன் மாப்ள" என்று அத்தான் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். அதற்குப் பிறகு எப்போது பார்த்தாலும் திருகின் புகழ்தான். திருப்பினால் வண்டி எப்படிச் சீறுகிறது என்று டீக்கடையில் நாலு பேர் நடுவில் என் தோளைத் தட்டிச் சொல்வார். எனக்கு உள்ளே குறுகுறுக்கும். சொல்லிவிடலாம் என்று வாயெடுத்திருக்கிறேன். அந்த முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிடுவேன்.

ஒரு தூறல் மதியம், பாலத்து ஏற்றத்தில் நெல் மூட்டை ஏற்றிய டிராக்டரை முந்தப் போயிருக்கிறார். எதிரே பஸ். பஸ்ஸுக்கு வழி விட்டு ஒடித்ததில் லாரி சரிவில் இறங்கிவிட்டது. பஸ்ஸில் யாருக்கும் ஒன்றுமில்லை. அத்தானை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவே வேண்டியிருக்கவில்லை. அடக்கத்தில் நான் அழவில்லை. கல்நெஞ்சக்காரன் என்று யாராவது பேசியிருப்பார்கள். பெட்டியை இறக்கக் கயிறு பிடித்தேன், மண் போட்டேன், வந்தவர்களுக்குச் சாப்பாடு பரிமாறினேன். என் மண்டைக்குள் ஒரே கேள்விதான் நின்றது. திருகைத் திருப்பி, வண்டி இழுத்துவிடும் என்று நம்பித்தான் முந்தினாரா? வண்டியை எடைக்குப் போடுமுன் திருகை மட்டும் கழற்றி எடுத்துவந்தேன். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம்கூட அதைச் சொல்லவில்லை. வேலைக்குப் போனேன், சாப்பிட்டேன், தூங்கினேன். மரத்துப்போன கால் நடக்கிறதே, அந்த மாதிரி.

போன கல்லறைத் திருநாளுக்கு முதல் நாள் காலை, அக்காவும் நானும் அத்தானின் கல்லறையைச் சுத்தம் செய்யப் போனோம். அவள் புல்லைப் பிடுங்க, நான் சுண்ணாம்பு அடித்தேன். சிலுவையின் ஒரு கையை அடித்து முடித்து அடுத்த கைக்குப் போகும்போது, ஏன் அன்றைக்கென்று தெரியவில்லை, சொல்லிவிட்டேன். என் திருகை நம்பித்தான் அவர் போய்விட்டாரோ என்றேன். புல் பிடுங்கிய கை நின்றது.

"அவருக்குத் தெரியும் தம்பி" என்றாள் அக்கா.

நான் பிரஷ்ஷைக் கீழே வைத்தேன்.

"நீ மாட்டுன மூணாம் நாளே சொல்லிட்டேன். ஒரு பொய்ய உள்ள வச்சிக்கிட்டு அவருக்கு சோறு போட முடியல என்னால. கேட்டுட்டு ஒரே சிரிப்பு. மாப்ளகிட்ட சொல்லிடாத, பாவம், அவ்வளவு மெனக்கெட்டு மாட்டியிருக்கான், மனசு சங்கடப்படுவான்னாரு. அவன் வேணாம்னு நெனச்சா வேணாந்தான்னாரு."

அப்படியென்றால் அந்த ஞாயிற்றுக்கிழமை என்று இழுத்தேன்.

"பொட்டு வச்சது அதுக்கப்புறந்தானே" என்றாள். என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இத்தன வருசம் இதயா நீ தூக்கிக்கிட்டுத் திரிஞ்ச?" என்று கேட்டாள். மிச்சமிருந்த சுண்ணாம்பை அடித்து முடித்து, அவளைப் பஸ் ஏற்றிவிட்டேன். அப்போதும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஏமாற்றியவன் நான் என்று இருந்தேன். அவர்கள் இரண்டு பேரும் என் மனசு கோணாமல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். இது புரிந்தது. புரிந்ததோடு சரி.

இன்று காலை பத்தாம் நம்பர் ஸ்பேனரைத் தேடி இழுப்பறைக்குள் கை விட்டேன். திருகு விரலில் பட்டது. மூன்று வருடத்தில் முதல்முறையாக அதை வெளியே எடுத்து, சும்மா வலப்பக்கம் திருப்பினேன். இன்னும் தாராளமாகச் சுற்றுகிறது. பொட்டும் பொட்டும் நேருக்கு நேர் வந்த இடத்தில் கை தானாக நின்றுவிட்டது. இதைத் தாண்டித் திருப்ப மாட்டேன் என்று, எல்லாம் தெரிந்துகொண்டே, எவ்வளவு பவ்யமாகச் சொன்னார் அந்த மனிதர். பட்டறையில் ஆட்கள் நிற்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் நான் அழுதேன்.