ஏழாம் கட்டில் ஊசி

ரமாபாய்க்கு முப்பத்துநான்கு முடிந்து ஏழு மாதம். சவுதிக்கு நர்ஸ் எடுப்பவர்கள் முப்பத்தைந்துக்கு மேல் போனவர்களைத் திரும்பியும் பார்ப்பதில்லை. அதற்கான பரீட்சையை இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் கோட்டை விட்டாகிவிட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமை எழுதப்போவதுதான் கடைசி.

வியாசர்பாடி ஹவுசிங் போர்டிலிருந்து திருவொற்றியூர் நர்சிங் ஹோமுக்குப் பதினான்கு வருடமாக இரண்டு பஸ் மாறி வந்துகொண்டிருக்கிறாள். ஒருத்தி லீவு போட்டால் இன்னொருத்தி இரண்டு ஷிப்டும் பார்க்க வேண்டும். அந்த இன்னொருத்தி எப்போதும் ரமாபாய்தான். தூங்கி எழுந்தால் போகிற அலுப்பு இல்லை அவளுடையது. அவள் எழும்போதே அதுவும் கூட எழுந்து வரும்.

டீ குடிக்கிற நேரத்தில் அவளுக்குக் கேள்வி கேட்டுப் பழக்குகிறவள் கூட வேலை செய்கிற நர்ஸ் ஷிஜி. மார்த்தாண்டத்துக்காரி, இருபத்துமூன்று வயது, புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவள்.

"மருந்து குடுக்கதுக்கு முன்னால, ஆளு இவருதான்னு எப்பிடி உறுதி பண்ணணும், அக்கா?"

"பேரைச் சொல்லி, வேம்பு நைனாதானேன்னு கேப்பேன்."

"தப்பு. பேரை அவரு வாயாலயே சொல்ல வைக்கணும். நாம எடுத்துக் குடுக்கப்பிடாது."

"போடி. படுத்துகினு கீற மன்சன் கைல போயி உன் பேரு இன்னான்னு கேட்டா, என்னைத் தெரியலியான்னு கோச்சுக்குவாரு."

நடந்த இரண்டு பரீட்சையிலும் இதே கேள்வி வந்தது. இரண்டிலும் அதே விடையைத்தான் குறித்தாள். கேள்வித்தாள் தயாரித்தவன் ஒரு வார்டையும் பார்த்ததில்லை என்பது அவள் கட்சி.

புதன்கிழமை காலை. இரண்டு நாள் கீழே பிரசவ வார்டில் இரட்டை ஷிப்ட் பார்த்துவிட்டு மேலே வந்தாள். வார்டில் எல்லாம் புது முகம். சீட்டில் ஏழாம் கட்டில், கோதண்டம், சர்க்கரை வியாதி, இன்சுலின் என்று இருந்தது.

"கோதண்டம் நைனாதானே?"

படுத்திருந்தவர் அவள் முகத்தைப் பார்த்து நன்றாகச் சிரித்தார். "ஆமாம்மா, ஆமா."

ஊசியைப் போட்டுவிட்டு அடுத்த சீட்டைப் புரட்டினாள். அரை மணி நேரம் போயிருக்கும். ஐந்தாம் கட்டிலில் இட்லிப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தவர் கூப்பிட்டார்.

"இன்னாம்மா, எனக்கு ஊசி போடாம பூட்ட? போட்டாத்தானே நாஸ்டா துன்ன முடியும்?"

அவள் சீட்டைத் திரும்பப் பார்த்தாள். "உன் பேரு இன்னா நைனா?"

"கோதண்டம், நெட்டுக்குப்பம்." அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "ஏழுக்கு மேல கீற ஃபேன் கடகடன்னு ஒரே பேஜாரு, தூங்கவே முடியல. அந்த வரதன், பாய்லர்ல வேலை செஞ்சி காது பூட்ச்சு அவருக்கு. எனக்கு இன்னா சத்தம்னு கட்டிலை மாத்திகினாரு."

ரமாபாய் ஓடினாள். வரதனுக்கு உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டியிருந்தது, கை வெடவெடத்தது. குளுக்கோஸை நரம்பில் ஏற்றினாள், டாக்டருக்கு ஆள் அனுப்பினாள். ஒரு மணி நேரம் அவர் பக்கத்தைவிட்டு அசையவில்லை. வரதன் கண் தெளிந்து தண்ணீர் கேட்டபோதுதான் எழுந்து டம்ளரை எடுத்தாள்.

நர்சிங் ஹோம் சொந்தக்காரர் டாக்டர் வெள்ளத்துரை அறைக்குக் கூப்பிட்டார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள்.

"ஆளு நல்லாத்தான இருக்காரு? சீட்டுல திடீர் மயக்கம்னு எழுதிரு. சவுதிக்கு அனுபவ சர்டிபிகேட்ல நான்லா கையெழுத்துப் போடணும்?"

அப்படியே எழுதினாள். வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட, எங்காவது உட்கார்ந்தால் போதும் என்று இருந்தது.

சாயங்காலம் வரதனின் சம்சாரம் காபி பிளாஸ்கோடு வந்தாள். யாரோ சொல்லியிருக்க வேண்டும், நேரே வந்து ரமாபாயின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ பக்கத்துலயே குந்திகினு இருந்தியாமே கண்ணு. வடிவுடையம்மனுக்கு உன் பேர்ல அர்ச்சனை பண்றேன். உன் பேரு இன்னா?"

எவ்வளவு சுலபமாகக் கேட்டுவிட்டாள். ரமாபாய் பேரைச் சொன்னாள்.

வரதனுக்குக் கால் புண்ணுக்கான ஊசி பாக்கி இருந்தது. மருந்தைச் சிரிஞ்சில் ஏற்றிக்கொண்டு கட்டிலருகே நின்றாள்.

"உன் பேரு இன்னா நைனா?"

அவர் சிரித்தார். "ஆமாம்மா, ஆமா."

குனிந்து காதருகே கத்தினாள். "உன் பேரு இன்னா?"

வார்டே திரும்பிப் பார்த்தது. வரதனின் முகம் சுருங்கிவிட்டது. "காலைல என் உசுர காப்பாத்தினே. இப்ப பேரு கேக்கற? என்னைத் தெரியாதா உனக்கு?"

தெரியும் என்று தலையாட்டிவிட்டு ஊசியைப் போட்டிருக்கலாம். டாக்டர் அறைக் கதவு திறந்துதான் இருந்தது. ஆனால் காது கேளாத மனிதரிடம் எதையும் மெல்லச் சொல்ல வழியில்லை.

"தெரியாமத்தான் காலைல வேற ஆளு ஊசிய உனக்குப் போட்டுட்டேன் நைனா!" வார்டு முழுக்கக் கேட்கக் கத்தினாள். "மயக்கம் என்னாலதான் வந்துச்சு. இப்ப உன் வாயால சொல்லு, உன் பேரு இன்னா?"

சம்சாரம் அவளையே பார்த்தபடி பிளாஸ்கின் மூடியைத் திருகி மூடினாள். உள்ளே டாக்டர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழும் சத்தம் கேட்டது. ரமாபாய் திரும்பவில்லை, வரதனின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வரதன்," என்றார் அவர். ஊசிக்குக் கையை மட்டும் நீட்டவில்லை.