சைதுன் அக்காவின் கோட்டை

சைதுன் அக்காவுக்குக் கற்பனையில் ஊர் கட்டி ஆடுவதென்றால் உயிர். மத்தியானம் பட்டு நூல் சுற்றி முடித்ததும் நாங்கள் அவர் வீட்டில் கூடுவோம். அவர் சுண்ணாம்புக் கட்டியால் தரையில் ஒரு ராஜ்யம் வரைவார். அதில் அலமு ராணி, காந்தா திருடி, நான் வாய் பேசாத காவல்காரி. ஆட்டத்தில் நாங்கள் நினைத்தது நடக்குமா என்பதை உருட்டிப்போடும் சோழி சொல்லும்.

அறுபத்தெட்டாம் வருஷம் ஒருநாள், காந்தா ராணியின் கஜானாவுக்குச் சுரங்கம் தோண்டினாள். சோழியும் அவள் பக்கமே விழுந்தது.

"என் கோட்டையில என்னைக் கேக்காம தோண்டுவியா? நான் இனிமே ஆட வரல" என்று அலமு எழுந்துவிட்டாள்.

"ராணிக்குத் தோக்கத் தெரியல" என்றாள் காந்தா.

ராணி போனால் ராஜ்யம் ஏது? அக்காவின் முகம் வாடியது. ஆனாலும் அவர் சமாதானம் பேசவில்லை. தரையில் புதிதாக ஒரு கோடு இழுத்தார்.

"தாமல் ஏரி ஒடைஞ்சி, சுரங்கத்துல தண்ணி வந்துக்கினு இருக்குது. காந்தா கஜானாவுல மாட்டிக்கினா. சாவி உங்கிட்டதான் அலமு."

"கெடக்கட்டும்."

"உன் பட்டுப் பொடவையெல்லாம் அங்கதானேம்மா இருக்குது? நனைஞ்சா சாயம் எறங்குமே."

அலமு பொத்தென்று உட்கார்ந்தாள். "தொறக்கறேன். பொடவைக்காகத்தான், இவளுக்காக இல்ல."

"ஒண்ணுகூட நனையாம தலைமேல வெச்சித் தூக்கியாரேன் ராணிம்மா!" என்றாள் காந்தா.

வாய் பேசாத காவல்காரி சத்தமாகச் சிரித்ததை அக்கா கண்டுகொள்ளவில்லை.