பூசணிக்காயைக் கேட்கிற அம்மா

ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய தன் மெயில், 'அனுப்பியவர் என்று இப்படி ஒரு ஆளே கிடையாது' என்று திரும்பி வந்தது லிப்ட் மெக்கானிக்குக்கு ஆறு வருஷமாகச் செரிக்கவில்லை. லிப்டை ஓட்டாதீர்கள் என்றுதான் எழுதியிருந்தார். ஓட்டினார்கள். பெரிய டாக்டர் இரண்டு மணி நேரம் நடுவில் தொங்கினார். பழி இவர் தலையில் விழுந்தது.

இன்று மூன்றாம் லிப்டின் கம்பிவடத்தில் இழை பிரிந்திருந்தது. அதை நிறுத்திவிட்டு எழுதினார். எழுத்தில் வராவிட்டால் மேனேஜர் மூன்று மணிக்கு மறுபடி ஓட்டிவிடுவார். மெயில் பழையபடி திரும்பிவிட்டது. கோபத்தோடு நாலு மாடி ஏறினார்.

ஆஸ்பத்திரியின் மெயில்காரம்மா குளிர் அறையில் இரண்டு ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருப்பார். யார் மெயில் வந்தாலும் அவருடைய மெஷின், அனுப்பிய இடத்து மெஷினைக் கூப்பிட்டு, "இந்த ஆள் உங்ககிட்ட இருக்காரா?" என்று கேட்கும். வருகிற பதிலை அம்மா லேசில் நம்பமாட்டார். "சரி, பூசணிக்காய் இருக்காரா?" என்று தன் கையால் ஒரு கேள்வி தட்டுவார். அதற்கும் 'இருக்கார்' என்றால், சுவரில் 'தலையாட்டி' பட்டியலில் ஏறும். யாரையுமே தெரியாது என்பது 'முசுடு'. எல்லாம் பென்சிலில்தான். திருந்தினால் அழிக்க வேண்டுமே.

"ஆள் இல்லையாமே? உசுரோட வந்து நிக்கிறேன், பாத்துக்கங்க."

"நான் எங்கண்ணே சொன்னேன்? உங்க மெஷின்தான் சொல்லுது. உங்க முதலாளி பேரென்ன?" தட்டிப் பார்த்தார். "பாருங்க, முதலாளியையே தெரியலையாம். முசுடுதான். இந்தப் பென்சில் எங்க போச்சு?"

"கொண்டையில இருக்கும்மா."

சுவரில் எழுதிவிட்டு அம்மா சொன்னார்: "எங்க மெஷின் தன் பேரச் சொல்லாமத்தான் விசாரிக்கும். அது ஊர் உலகத்து வழக்கம். பேர் சொல்லாதவனோட பேசாதேன்னு உங்க மெஷின உங்காளு யாரோ பூட்டி வச்சிருக்காங்க. யாரது?"

மெக்கானிக் காதைச் சொறிந்தார். பூட்டியவன், கம்பெனியில் மெஷினைப் பார்த்துக்கொள்ளும் அவர் மச்சான். கல்யாணம் காட்சிகளில் இவர் இந்த அம்மாவைத் திட்டும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து உம் கொட்டியவனும் அவனே.

"இன்னிக்கு மட்டும் உங்க மெயில என் கையால உள்ள விடுறேன். தினம் விட்டா உங்க பேர்ல எவனாவது நுழைஞ்சுடுவான்."

மூன்றாக எட்டு நிமிஷம் இருக்கையில் மேனேஜரின் பதில் வந்தது: நிறுத்தியே வைக்கிறோம். மெக்கானிக்கின் கால் இப்போதுதான் வலித்தது.

அம்மா போனை அவர் பக்கம் தள்ளினார். "மச்சானக் கூப்பிட்டு அந்தப் பூட்டத் தொறக்கச் சொல்லுங்க."

மறுமுனையில் மணி அடித்தது. மெக்கானிக் பல்லைக் கடித்தார்.

"திட்டாமச் சொல்லணும்ண்ணே" என்றார் அம்மா, பென்சிலைத் திருப்பிப் பிடித்து, அதன் ரப்பர் முனையை முசுடுப் பட்டியலில் கடைசிப் பெயர்மேல் வைத்துக்கொண்டு.