துணிக்கொடியில் ஒரு தகைவிலான்

எங்கள் சபையில் யாருக்கும் கர்வம் கிடையாது. அதில் எங்களுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. அமெரிக்காவில், ஓஹாயோவின் ஹோம்ஸ் கவுண்டி முழுக்கத் தேடினாலும், மின்சாரமும் காரும் வேண்டாமென்று குதிரை வண்டியோடு வாழும் ஆமிஷ் சபைகளில் எங்களைப் போலத் தாழ்மையான சபை கிடைக்காது. இதற்கு நான் சத்தியமே செய்வேன், ஆனால் சத்தியம் செய்வதும் எங்களுக்குத் தடை.

இந்தத் தாழ்மை வருஷத்தில் ஒரே ஒரு சமயம் ஆட்டம் காணும். பனி உருகி, குதிரைகள் முழங்கால் சேற்றோடு வீடு திரும்பும் நாட்களில், குளிருக்குத் தெற்கே போன தகைவிலான் குருவிகள் திரும்பி வரும். முதல் குருவி யார் வீட்டு முற்றத்தில் இறங்குகிறது என்பதுதான் கேள்வி. வீட்டுக்குள் தொலைபேசி கூடாது என்பதால், சாலை முனையில் எல்லோருக்கும் பொதுவாக உள்ள தொலைபேசிக் கொட்டகைக்குப் போய் ஒரு எண்ணை அழுத்தினால் குருவிச் செய்திகளைக் கேட்கலாம். நம் செய்தியையும் பேசி வைக்கலாம். பேர் சொன்னால் கர்வம் என்பதால் யாரும் சொல்ல மாட்டார்கள். “மரப்பாலம் தாண்டி, பச்சைத் தகரம் போட்ட தொழுவத்துக்கு எதிர் வீடு, வாசல்ல கறுப்புக் குதிரை நிக்கும், அங்க ஒரு குருவி வந்திருக்கு” என்பதோடு அடக்கமாக நிறுத்திக்கொள்வார்கள்.

என் அக்காள் ஓர்ஃபாவின் கணவர் அட்லி ராபர் இந்த விஷயத்தில் எங்கள் எல்லோரையும் விடத் தாழ்மையானவர். நாற்காலி செய்கிறவர். அவர் முற்றத்தில் ஒரு நெட்டைக் கம்பம், அதில் வெள்ளையடித்த சுரைக்குடுக்கைகள் வரிசையாகத் தொங்கும். வசந்தம் தோறும் குடுக்கைக்கு ஒரு குருவிக் குடும்பம் குடியேறிவிடும். தங்கை நான் கல்யாணம் கட்டாமல் அந்த வீட்டை ஒட்டிய சின்ன வீட்டில் இருக்கிறேன். ஆகவே அத்தானின் குருவிப் பேச்சு எதிலிருந்தும் எனக்குத் தப்பிக்க வழியில்லை.

ஒன்று மட்டும் கேலி இல்லாமல் சொல்லிவிடுகிறேன். அக்காளின் பிள்ளைகள் எல்லோரும், நிலம் மலிவு என்று, விஸ்கான்சினுக்குப் போய்விட்டார்கள். பேரப்பிள்ளைகளும் அங்கேதான். அதன் பிறகு அந்த முற்றத்தில் சத்தம் என்று இருந்தது குருவிகள் போடுகிற கூச்சல்தான். அது இல்லாவிட்டால் அத்தானுக்குச் சாப்பாடு இறங்காது.

அப்படிப்பட்ட குருவிகளைத் தொலைத்ததும் அத்தான்தான். இரண்டு கோடைக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்காளின் வெள்ளைத் தொப்பியின் பின்பக்கம் ஒரு குருவி எச்சத்தால் முத்திரை வைத்துவிட்டது. அதோடு அவள் ஆராதனை முழுக்க உட்கார்ந்திருந்தாள். பின்வரிசைப் பெண்கள், அன்பு மிகுதியால், கடைசிப் பாட்டு முடியும்வரை அவளிடம் சொல்லவில்லை.

“கம்பமா நானா, நீயே முடிவு பண்ணிக்கோ” என்றாள் அக்காள் வீட்டுக்கு வந்ததும்.

அத்தான் கொஞ்சம் யோசித்தார். யோசித்திருக்கக் கூடாது. கம்பம் மறுநாளே மேய்ச்சல் நிலத்தின் கடைக்கோடிக்குப் போனது.

தகைவிலானுக்கு மனுஷன் பக்கத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பருந்து பயம். போன வசந்தத்தில் வந்த குருவிகள், முற்றத்தில் கம்பம் இருந்த வெற்றிடத்தைச் சுற்றிச் சுற்றிப் பறந்தன. பிறகு சாலையைக் கடந்து எதிர் வீட்டுக் கம்பத்தில் குடியேறின. எதிர் வீடு ரோமனுடையது. ரோமன் அத்தானின் கூடப்பிறந்த தம்பி.

“நான் ஒண்ணுமே பண்ணலண்ணே. அதுங்களா வந்துச்சுங்க. எல்லாம் கிருபை” என்றார் ரோமன். கிருபை என்ற சொல்லை ஒருவர் முகத்தில் அப்படி எறிய முடியும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அதோடு அண்ணன் தம்பி பேச்சு நின்றது. இழைப்புளி இரவல் வேண்டும் என்றால்கூட நான்தான் தூது. கோடை முழுக்கத் தன் குருவிகளின் சத்தத்தைத் தம்பி வீட்டு முற்றத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார் அத்தான்.

இந்த வசந்தத்தில் பனி விட்டதும் கம்பத்தைப் பிடுங்கிப் பழைய இடத்திலேயே நட்டார். அக்காள் சண்டை போடுவாள் என்று நான் பின்னல் வேலையை எடுத்துக்கொண்டு வசதியாக உட்கார்ந்தேன். அவள் ஏமாற்றிவிட்டாள்.

“என் துணியில ஒரு பொட்டு விழுந்தாலும் நீதான் துவைக்கணும்” என்றாள். அவ்வளவுதான்.

ராபின் பறவை வந்தது. சிவப்புத் தோள் கருங்குருவி வந்து வேலியெல்லாம் கத்தியது. அத்தான் அவற்றைத் திரும்பியும் பார்க்கவில்லை. விடிந்ததும் காப்பிக் கோப்பையோடு முற்றத்தில் நின்று வானத்தைப் பார்ப்பார். எதிரே ரோமனும் அப்படியே நிற்பார். யாராவது வண்டியில் போனால் இருவரும் மழை வருமா என்று பார்ப்பதுபோல முகத்தை வைத்துக்கொள்வார்கள்.

அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்து நெருங்கியது. எங்களில் ஒருவருக்கு ஒருவர்மேல் மனக்கசப்பு இருந்தாலும் சபை முழுக்கவே திருவிருந்து தள்ளிப்போகும். அதனால் ஒரு திங்கட்கிழமை காலையில் சபைக் காரியங்களைக் கவனிக்கும் டீக்கன் மெல்வின் வந்து இறங்கினார்.

“அட்லி, தம்பிகிட்ட பேசிட்டியா?”

“பேச என்ன இருக்கு டீக்கன்? என் மனசுல ஒண்ணுமில்ல.”

“அந்த ஒண்ணுமில்லாததப் போய்ச் சொல்லிட்டு வா. உனக்காகச் சபையே காத்துக் கிடக்கணுமா?”

“நாளைக்குப் போறேனே. இன்னிக்குத் தெக்குக் காத்து அடிக்குது.”

“காத்துக்கும் சமாதானத்துக்கும் என்னய்யா சம்பந்தம்?”

தெற்குக் காற்றில்தான் தகைவிலான் வரும். அதை வாய்விட்டுச் சொல்ல முடியாமல் அத்தான் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நானும் ரோமன் வீட்டுப் பாத்திரம் ஒன்றைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அந்தப் பாத்திரம் குளிர்காலம் முழுக்க என்னிடம்தான் இருந்தது. அன்றைக்குத்தான் அவசரமாகிவிட்டது.

“ரோமன், குருவி விஷயத்துல என் மனசுல கசப்பு இருந்துச்சு. மன்னிச்சிரு” என்றார் அத்தான். “இனிமே அது எங்க இறங்கினாலும் எனக்கு ஒண்ணுதான்.”

“எனக்குந்தாண்ணே” என்றார் ரோமன்.

கை குலுக்கினார்கள். அப்போது தலைக்கு மேலே, தொண்டையில் தண்ணீர் உருள்வதுபோல ஒரு குரல். பிடித்த கையை விடாமலே இரண்டு பேரும் அண்ணாந்தார்கள். கருநீலமாக மின்னும் ஓர் ஆண் குருவி ரோமனின் குடுக்கைகளை ஒரு சுற்று சுற்றியது. பிறகு சாலையைக் கடந்தது. அத்தானின் கம்பத்தைச் சுற்றிவிட்டு, அக்காள் அப்போதுதான் துணி போட்டு முடித்த, கப்பி வைத்து இழுக்கும் கொடியில் உட்கார்ந்தது.

“எனக்கு ஒண்ணுதான்” என்றார் அத்தான் மறுபடியும். குரல் கீச்சிட்டது.

“அப்ப ஏண்ணே என் கையை இந்த நசுக்கு நசுக்குற?”

ஓடினால் கர்வம் என்பதால் அத்தான் நடந்துதான் வந்தார். அந்த நடைக்கு ஈடுகொடுக்க நான் ஓட வேண்டியதாயிற்று. அதற்குள் குருவி தன் வேலையைக் காட்டியிருந்தது. கொடியில் அத்தனை துணி இருக்க, அக்காளின் வெள்ளைத் தொப்பியைத்தான் பார்த்துக் குறிவைத்திருந்தது.

“ஓர்ஃபா, நான் துவைச்சிடறேன், நானே இப்பவே…” என்று ஆரம்பித்தார் அத்தான்.

“கத்தாத. பயந்துடும்” என்றாள் அக்காள்.

குருவி போவதும் வருவதும் அதே கயிற்றில் உட்காருவதுமாக இருந்தது. துணியெல்லாம் காய்ந்துவிட்டது. எங்கள் ஊரில் திங்கள்தான் துவைக்கிற நாள்; அந்தத் திங்கட்கிழமைத் துணியைப் பொழுது சாய்வதற்குள் எடுக்காதவள் பெண்ணே இல்லை.

“அக்கா, துணியை எடுக்கலையா?”

“கயித்தை இழுத்தா கப்பி கிறீச்சுங்கும். கிடக்கட்டும்.”

“வண்டியில போறவங்க பாப்பாங்க.”

“பாக்கட்டும்.” பிறகு வேறு எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னாள்: “போன வருஷம் பூரா இந்த முற்றம் செத்துக் கிடந்துச்சு. நான் சொல்லித்தானே கம்பம் போச்சு.”

 அத்தான் அவள் பக்கத்தில் வாசற்படியில் போய் உட்கார்ந்தார். எனக்குப் பொல்லாத வாய்தான், அதை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்குப் போய்விட்டேன்.

செவ்வாய் விடிந்தபோதும் துணி தொங்கியது. தொலைபேசிக் கொட்டகைக்கு அத்தானும் நானும் போனோம். செய்தி ஏற்கெனவே இருந்தது. குரல் ரோமனுடையது.

“ஒரு ஆண் தகைவிலான் வந்திருக்கு. பேர் சொல்ல மாட்டேன். செவ்வாய்க்கிழமையும் திங்கட்கிழமைத் துணி தொங்குற வீடு.”

“சரியாக் கேக்கல. இன்னொரு தடவை போடு” என்றார் அத்தான். மூன்றாம் தடவையும் அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை.

வீட்டுக்கு வருவதற்குள் சாலையில் வண்டிகள் மெதுவாகப் போக ஆரம்பித்துவிட்டன. குருவி குடுக்கைக்குள் போன நேரம் பார்த்து அக்காள் தொப்பியை மட்டும் உருவி எடுத்து, ஒரு வாளியையும் சோப்பையும் வாசலில் வைத்திருந்தாள்.

“பேச்சுன்னா பேச்சு” என்றாள்.

ஆண்பிள்ளை துணி துவைத்து எங்கள் ஊர் கண்டதில்லை. அத்தான் வாளியை உள்ளே எடுத்துப் போகவில்லை. நேரே முற்றத்தின் நடுவுக்கு, கம்பத்தின் அடிக்குக் கொண்டுபோனார். சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, மேலே குருவி பாட, போகிற வண்டி ஒவ்வொன்றுக்கும் நுரைக்கையை ஆட்டிக்கொண்டு அந்தச் சின்னத் தொப்பியை மத்தியானம்வரை துவைத்தார். அவ்வளவு கர்வத்தை நான் எங்கள் சபையில் பார்த்ததே இல்லை. டீக்கனும் அந்த வழியாகத்தான் போனார். பார்த்துவிட்டு, மழை வருமா என்று வானத்தைப் பார்த்தார்.