பாம்புக்குரிய சூடு

லண்டனில் எட்டு இடங்களில் வேலை செய்திருக்கிறேன். ஏழு இடங்களை விட்டதற்குக் கேட்டால் காரணம் சொல்லுவேன்: குளிர், மேலாளருடைய வாய், முதுகு நோ, சில இடங்களில் வெறும் சலிப்பு. சலவைத் தொழிற்சாலையை ஏன் விட்டேன் என்று மட்டும் யாருக்கும் சொன்னதில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. டூட்டிங்கில் ஒரு வீட்டின் மேல்மாடிப் பின்னறையில் இருந்தேன். அதே அறையின் மற்றக் கட்டிலில் ஓர் அண்ணை. பெட்ரோல் ஷெட்டில் வேலை. கீழே வீட்டுக்கார அக்காவும் அவருடைய கணவரும். நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். ஊரை விட்ட பிறகு ஜெர்மனியில் ஒரு முகாமில் ஒன்றரை வருடம், பாரிஸில் ஒரு குளிர்காலம், அதில் இரண்டு இரவுகள் பூங்கா மரவாங்கில் படுக்கை. இங்கிலீஷ் என்று என்னிடம் இருந்தது கொஞ்சம்தான். அதில் அதிகம் பாவித்த சொல் ‘யேஸ்’.

சலவை வேலையில் ஹோட்டல் படுக்கை விரிப்புகளை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கொரு முனையைப் பிடித்து, கிட்ட வந்து, விலகி, மறுபடி கிட்ட வந்து, நாள் முழுக்க ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். என் மறுமுனையில் நின்றவர் ஒரு ஸ்காட்லாந்துக் கிழவர். நீராவியின் இரைச்சலுக்குள் அவர் ஓயாமல் கதைப்பார். நாலில் ஒரு பங்குகூட எனக்கு விளங்காது. எல்லாவற்றுக்கும் யேஸ் என்பேன். தான் சொல்வதைப் பொறுமையாகக் கேட்கிற ஒரே ஆள் நான்தான் என்று அவர் மேலாளரிடமே சொன்னாராம். ஒரு நாள் என் காலைக் காட்டி, இரவில் குளிரில் விறைத்துப் போகிறது என்று கையால் நடித்துக் காட்டினேன். அவர் தலையாட்டினார்.

கிழவருக்கு இடுப்பில் ஆபரேஷன். அது முடிந்து வடக்கே சகோதரி வீட்டில் தங்கித் தேறி வர மூன்று மாதமாகும் என்பது விளங்கியது. கூடவே ஏதோ உதவி கேட்டார், அதற்கும் யேஸ் என்றிருந்தேன். அதற்கு முந்திய சனிக்கிழமை டாக்சியில் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினார். ஒரு கண்ணாடித் தொட்டி, ஒரு பை, எங்கள் தொழிற்சாலைத் தலையணை உறை ஒன்று. உறையின் வாய் முடிச்சுப் போட்டிருந்தது. அவிழ்த்து என் கையில் கொடுத்தார். உள்ளே ஒரு மலைப்பாம்பு.

என் முழுக் கையின் நீளம் இருக்கும். கறுப்பும் மண்ணிறமுமாகத் திட்டுத்திட்டாய் இருந்தது. ஆபிரிக்காவில் பிறந்த இனமாம். பயந்தால் தலையை உள்ளே வைத்துப் பந்துபோலச் சுருண்டுகொள்ளும் என்று கைவிரல்களைப் பொத்திக் காட்டினார். என்னிடம் அது சுருளவில்லை. என் மணிக்கட்டைச் சுற்றி, நாக்கை நீட்டிப் பார்த்து, அப்படியே ஆறுதலாக இருந்தது.

அரை மணி நேரம் சொன்னார். தொட்டியைக் காட்டினார், பையைக் காட்டினார், விரல்களை எண்ணினார். இரண்டு தாள்களில் எழுதியும் தந்தார். எழுத்து எறும்பு ஓடினதுபோல இருந்தது.

“எல்லாம் விளங்கியதா?” என்று கேட்டார்.

“யேஸ்.”

“நிச்சயமாக?”

“யேஸ், யேஸ்.”

இல்லை என்று சொல்ல வெட்கம். இத்தனை நாள் விளங்கினவன்போல நின்றுவிட்டு, அன்றைக்கு எப்படிச் சொல்வது? அவர் பெருவிரலால் பாம்பின் தலையை ஒருதரம் தடவிவிட்டுப் போனார். கண் கலங்கியிருந்தது. நான் தாள்களை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தேன்.

பையின் அடியில் வயர் பூட்டிய தட்டையான ரப்பர் பாய் ஒன்று கிடந்தது. மின்சாரத்தில் கொழுவினால் இதமாகச் சுட்டது. என் காலை நினைவு வைத்து எனக்குக் கொண்டுவந்திருக்கிறார் என்று நினைத்தேன். என் கட்டிலில், விரிப்புக்குக் கீழே, கால்மாட்டில் போட்டேன். அந்தக் குளிர்காலத்தில் முதல்முறையாக அன்றுதான் நன்றாகத் தூங்கினேன்.

அக்கா ஏசுவார் என்று பயந்திருந்தேன். அவர் தொட்டியைக் கண்டதும் செருப்பைக் கழற்றினார்.

“ஆர் தம்பி கொண்டந்தது?”

“வேலை செய்யிற இடத்திலை ஒரு வெள்ளைக்காரக் கிழவன், அக்கா.”

“ஆர் கொண்டந்தாலென்ன. நாகதம்பிரான் எல்லோ வீடு தேடி வந்திருக்கிறார்.”

“நாகதம்பிரானுக்குப் படமெடுக்கத் தெரியும், அக்கா,” என்றார் அண்ணை. “இவர் ஆபிரிக்காவாலை வந்த அகதி. எங்களைப் போலத்தான்.”

“நீர் வாயை மூடும்.”

தொட்டி முன்னறைக்குப் போனது. டிவிக்குப் பக்கத்தில், ஜன்னலுக்குக் கீழே மேசை போட்டு வைத்தார். ஒரு கிண்ணத்தில் பால், ஒரு பச்சை முட்டை. “எலி கிலி எண்டு ஒண்டும் வரக்கூடாது. இது வெள்ளிக்கிழமை விரதம் பிடிக்கிற வீடு,” என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

மலைப்பாம்பு என்ன தின்னும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் எங்கள் ஊரில் புற்றுக்குப் பால் வைக்காத ஆட்கள் யார்? காலையில் போய்ப் பார்த்தேன். பால் வைத்த மட்டத்திலேயே நின்றது, மேலே ஆடை கட்டி. பாலைக் குசினிச் சிங்கில் ஊற்றி, முட்டையைக் குப்பையில் போட்டு, கிண்ணத்தைக் கழுவினேன்.

“குடிச்சிட்டாரோ?” அக்கா படியில் நின்று கேட்டார்.

“ஓம் அக்கா.”

மறுநாளும் ஊற்றினேன். அதற்கடுத்த நாளும். ஒவ்வொரு காலையும் அந்தக் கேள்வி, அந்த ஓம். அக்காவின் முகம் மலர்ந்தால் தொட்டி இருக்கும், நானும் இருப்பேன் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இன்னொன்றும் இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் மோர்டனிலிருந்தும் ஹவுன்ஸ்லோவிலிருந்தும் ஆட்கள் பார்க்க வரத் தொடங்கினார்கள். என்னைக் காட்டி, “இந்தத் தம்பியிட்டைத்தான் வந்தது” என்பார் அக்கா. கிழவிகள் எனக்கு வழிவிட்டு நின்றார்கள். அதுவரை எந்த நாட்டிலும் எனக்கு யாரும் வழிவிட்டதில்லை.

கற்பூரப் புகை, கண்ணாடியில் தட்டும் விரல்கள், இரவு பத்து வரை வீடியோவில் சண்டைப்படம், ஜன்னல் இடுக்கால் வரும் காற்று. பாம்பு ஒளிய ஓர் இடம் இல்லை. இரண்டாவது கிழமை, பத்து நாள் ஆகியிருக்கும், அது மூக்கை மேல்மூடியின் கம்பிவலையில் வைத்து, முனைக்கு முனை தேய்த்துக்கொண்டே திரிந்தது. மூக்கு நுனி புண்ணானது. பிறகு சீறத் தொடங்கியது. பிறகு கழுத்தைப் பின்னுக்கு வளைத்து வைத்திருந்து, ஆள் கிட்ட வந்தால் கண்ணாடியில் பாய்ந்து அடித்தது. “நல்ல கோவக்காரர்” என்று வந்தவர்கள் கும்பிட்டார்கள். நானும் பெருமையாக நின்றேன்.

ஆறாவது கிழமை, ஒரு ஞாயிறு, குசினியில் கோழி வெட்டிக்கொண்டிருந்தேன். பாம்பு பாலைத் தட்டிக் கொட்டிவிட்டது என்று அண்ணை கூப்பிட்டார். கையை முழுக்கக் கழுவாமல் போய்க் கிண்ணத்தை எடுத்தேன். பாய்ந்தது தெரியவில்லை. கையில் பற்கள் இறங்கி, உடம்பு முழங்கை வரை சுற்றி இறுகியிருந்தது. அண்ணை குளிர்ந்த தண்ணீரை ஊற்றித்தான் விடுவித்தார். நஞ்சில்லை, இரத்தம் மட்டும். இரண்டு நாள் கழித்து விளக்கு வைக்கப் போன அக்காவின் வளையலில் பல் பட்டுச் சிராய்த்தது.

அக்கா அழுதார். பிறகு முடிவெடுத்துவிட்டார்.

“தம்பி, ஏதோ குற்றம் நடந்திருக்கு. இது இனி இஞ்சை வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை இவர் காரிலை கொண்டுபோய் கொமனிலை விடட்டும்.”

டூட்டிங் கொமன் என்ற பொதுவெளியில் அப்போது புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடந்தது. திறந்த வெளியில் ஓர் இரவு குளிர் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். அதற்கு ஓர் இரவே போதும். கிழவர் வந்து கேட்டால் எந்த யேஸைச் சொல்வேன்?

அன்று மாலை கோட்டுப் பையிலிருந்த தாள்களை எடுத்து அண்ணையிடம் நீட்டினேன்.

“ஆறு கிழமையா இதைப் பொக்கெற்றுக்குள்ளை வைச்சிருந்தனியோ?”

“ஓம் அண்ணை.”

“அந்தாள் விளங்கினதோ எண்டு கேட்கேல்லையோ?”

“கேட்டவர்.”

“நீ என்ன சொன்னனி?”

நான் போய் விளக்கைப் போட்டேன். “யேஸ் எண்டிருப்பாய்,” என்றார். மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வாசித்தார். கிழவர் பாம்பை ‘அவள்’ என்றே எழுதியிருந்தார். இருட்டான பெட்டி ஒன்று, அவள் முழுதாக ஒளியக்கூடியதாக. பத்து நாளுக்கு ஓர் எலி, கடையில் உறைய வைத்து விற்பது, இளகவைத்துச் சூடாக்கி இடுக்கியால் கொடுக்கவேண்டும். தொடுமுன் சவர்க்காரம் போட்டுக் கை கழுவவேண்டும். சத்தமுள்ள இடத்தில் வைக்கக்கூடாது.

“கோவப்பட்டாள் எண்டால் அவள் பயந்து போயிருக்கிறாள், தனிய விடு எண்டு எழுதியிருக்கு. ஆனால் இதுவரைக்கும் ஒருத்தரையும் கடிச்சதில்லையாம்.” தாளைத் திருப்பினார். “பாயை எப்பவும் தொட்டிக்குக் கீழை ஒரு பக்கத்திலை போட்டு வை. சூடு இல்லாட்டில் இவளுக்குச் சீவியம் இல்லை. என்னடா பாய்?”

அவர் கேட்டுவிட்டு என் கட்டிலைப் பார்த்தார். வயர் விரிப்புக்குக் கீழேயிருந்து சுவருக்கு ஓடிக்கொண்டிருந்தது.

“அடப் பாவி,” என்றார். சிரிக்கவில்லை. எதற்கும் சிரிக்கிற மனிதர்.

நான் அப்போதே கீழே போய் அக்காவிடம் ஒரு மாதம் கேட்டேன். என் அறையிலேயே வைத்திருப்பேன், ஒருவரும் பார்க்க வேண்டாம் என்றேன்.

“அங்கை ஆர் பால் வைக்கிறது?”

“அது ஒரு நாளும் பால் குடிக்கேல்லை அக்கா. நான்தான் சிங்கிலை ஊத்தினனான்.”

அக்கா கதிரையை விட்டு எழும்பினார். “வந்த சனத்துக்கு முன்னாலை என்னைப் பேய்க்காட்டியிருக்கிறீர்.” பிறகு, “பட்டினியோ கிடந்தது அது?” என்றார். நான் தலையாட்டினேன். “கொண்டுபோம் மேலை. எலியை என்ரை ஃப்ரிட்ஜுக்குள்ளை மட்டும் வைச்சிராதையும்.”

மேலே கொண்டுபோய், பாயைத் தொட்டியின் ஒரு பக்கத்துக்குக் கீழே போட்டேன். என் சப்பாத்துப் பெட்டியில் வாசல் வெட்டி உள்ளே வைத்தேன். மூன்று பக்கமும் துவாயால் மூடினேன். வைக்கும்போதும் அது சீறிக்கொண்டுதான் இருந்தது. விளக்கை அணைத்துவிட்டுக் கட்டிலில் இருந்தேன். அரை மணி நேரத்தில் அது சூடுள்ள பக்கத்தைக் கண்டுபிடித்து, வயிறு முழுதும் தரையில் படும்படி நீட்டிப் படுத்தது. அப்படி அது படுத்ததை நான் அதுவரை பார்த்ததில்லை. எனக்குக் கால் விறைத்தது. இரண்டு சோடி காலுறை போட்டுக்கொண்டேன்.

எலிகளை ஒவ்வொன்றாக வாங்கி, என் அறையில் ஜாம் போத்தலுக்குள் போட்டு, போத்தலைச் சுடுதண்ணீரில் வைத்து இளக வைத்தேன். அண்ணை அந்த நேரம் வெளியே போய்விடுவார். “உன்ரை சமையல் முடியக் கூப்பிடு” என்பார். முதல் எலியைத் தொடவில்லை. ஐந்து நாள் கழித்து வைத்ததையும் தொடவில்லை. செத்துப் போகும் என்றே நினைத்தேன். மூன்றாவதைப் பெட்டி வாசலில் வைத்துவிட்டுக் கீழே போய் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்தபோது எலி இல்லை, பாம்பின் நடு உடம்பு புடைத்திருந்தது. தொட்டிக்கு முன்னால் நிலத்தில் அப்படியே இருந்துவிட்டேன்.

நாலு கிழமை நான் அதைத் தொடவில்லை. தண்ணீர் மாற்றுவேன், மூடியைச் சாத்துவேன், அவ்வளவுதான். கண் பால்போல மங்கி, பிறகு தெளிந்து, ஒரே துண்டாகச் செட்டைத் தோலைக் கழற்றியது. மூக்கில் மட்டும் பழைய புண் வெள்ளைத் தழும்பாக நின்றது. அக்கா கொடுத்த மாதம் முடிந்ததை அவர் நினைவுபடுத்தவில்லை. ஒரு நாள் கதவடியில் நின்று, “இப்ப சாப்பிடுதோ?” என்று மட்டும் கேட்டார்.

ஒரு காலை மூடியைத் திறந்தபோது கழுத்து வளையவில்லை. கையைச் சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் கழுவி வந்து, மேலிருந்து நீட்டாமல் பக்கவாட்டில் தரையோடு வைத்தேன். அது நாக்கால் விரலைத் தொட்டது. மெதுவாக ஏறி மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டது, முதல் நாள்போல. பல் பட்ட வடுவின் மேலேதான் அதன் தாடை கிடந்தது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை. இவ்வளவுதான் அது கேட்டிருக்கிறது என்று இருந்தது.

கிழவர் ஒரு தடியோடு வந்தார். மெலிந்திருந்தார். அது அவர் சட்டைக் கைக்குள் நேராகப் புகுந்து போனது. சிரித்தார், என் தோளைப் பிடித்து உலுக்கினார். பிறகு வெளிச்சத்தில் அதன் தலையைப் பிடித்துப் பார்த்தார். தழும்பில் பெருவிரல் நின்றது.

“இதென்ன?” என்று கேட்டார். நான் வாய் திறக்குமுன் அவரே சொன்னார்: “என்னைத் தேடி மூடியில் முட்டியிருக்கிறாள். அப்படித்தானே?”

இந்த முறை ஒவ்வொரு சொல்லும் விளங்கியது.

“யேஸ்,” என்றேன்.

அண்ணை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தொட்டியை அக்காவின் கணவர் பிறகு காரில் கொண்டுபோய்க் கொடுப்பதாக ஏற்பாடு. பாம்பைத் தலையணை உறையில் போட்டுக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு, பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக் கிழவர் புறப்பட்டார். பஸ் தரிப்பு வரை கூடப் போனேன். பஸ் வரப் பத்து நிமிடமாவது ஆகியிருக்கும். அந்தப் பாயில் நான் படுத்தேன் என்பதற்கான இங்கிலீஷை அண்ணையிடம் கேட்டுப் பாடமாக்கி வைத்திருந்தேன். நாலைந்து சொற்கள்தான். அவர் தன் சகோதரியின் நாயைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். பஸ் வந்தது.

திங்கட்கிழமை அவர் வேலைக்குத் திரும்பினார். விரிப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு கிட்ட வந்தார், விலகினார், மறுபடி கிட்ட வந்தார். ஒவ்வொரு முறையும் அவள் நலம் என்று சொன்னார். மூன்று கிழமை பொறுத்தேன். நாலாவது கிழமை ஹவுன்ஸ்லோவில் விமானச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் வேலைக்குப் போய்விட்டேன். முதுகு நோ என்று மேலாளரிடம் சொன்னேன். கிழவரிடம் சொல்லிக்கொள்ளவில்லை.